நல்ல ஸ்கூபா டைவர்னு யாரைச் சொல்வீங்க?

கோவை_அலை (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். போன சீசன்ல அந்தமான் ஹேவ்லாக்ல ஓபன் வாட்டர்ங்கற முதல் கட்ட ஸ்கூபா கோர்ஸ் முடிச்சேன். 18 மீட்டர் வரைக்கும் இறங்கலாம்னு கார்டு வந்துடுச்சு. அடுத்து 30 மீட்டர் வரைக்கும் இறங்க விடற அட்வான்ஸ்டு கோர்ஸ் பண்ணலாம்னு ஆசை. ஆனா வீட்ல அண்ணன், "நீ நீச்சல்லயே சுமார், உனக்கு எதுக்கு 30 மீட்டர்"ங்கறார். கோர்ஸ்ல கேட்ட 200 மீட்டர் நீச்சலை நிக்காம முடிச்சேன், 10 நிமிஷம் மிதக்கவும் செஞ்சேன். வேகம்தான் கிடையாது.

எங்க படகுல நல்ல வாட்டசாட்டமா ஒருத்தர் வந்தார், காலேஜ்ல நீச்சல் போட்டியெல்லாம் ஜெயிச்சவராம். கீழ முதல்ல காத்து தீர்ந்தது அவருக்குத்தான். அதே படகுல ஐம்பது வயசு தாண்டின ஒரு அம்மா, கையே ஆடல, எல்லாரும் மேல வரும்போது அவங்க கேஜ்ல (சிலிண்டர் காத்தைக் காட்டற மீட்டர்) பாதி மிச்சம். அதைப் பார்த்ததுல இருந்து இந்தக் கேள்வி மண்டையைக் குடையுது. நல்ல டைவர்னா யாரு? உடம்பா, பயிற்சியா, குணமா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க. எனக்கும் காத்து சீக்கிரம் தீருது, அதுக்கும் வழி சொன்னா புண்ணியமாப் போகும்.

புதுவை_ஃபின் (இன்ஸ்ட்ரக்டர், புதுச்சேரி)

நீச்சல் விஷயத்தை முதல்ல முடிச்சிடலாம். படகுல இருந்து கொஞ்சம் தள்ளி மேல வந்துட்டா பதறாம வந்து சேர்ற அளவுக்கு நீச்சல் கண்டிப்பா வேணும். அதுக்கு மேல வேகம் கீழ உதவாது, கெடுக்கும். தண்ணி காத்தை விட சுமார் 800 மடங்கு அடர்த்தி. வேகத்தை இரட்டிப்பாக்கினா தண்ணியோட எதிர்ப்பு நாலு மடங்காகும். உங்க நீச்சல் வீரர் பாதி சிலிண்டரை அந்த எதிர்ப்புக்கே செலவழிச்சிருப்பார்.

ஒருத்தர் நல்ல டைவரான்னு நான் பார்க்கற இடம் 5 மீட்டர் ஆழம், மேல வர்றதுக்கு முன்னாடி நிக்கற 3 நிமிஷ சேஃப்டி ஸ்டாப். அந்த நேரத்துல சிலிண்டர் லேசாகியிருக்கும். வழக்கமா டைவுக்குத் தர்ற அலுமினியம் 80 ரக சிலிண்டர் நிறைய இருக்கற காத்தோட எடையே இரண்டு கிலோவுக்கு மேல. அதுல பெரும்பகுதி தீர்ந்துட்டா உடம்பை மேல இழுக்கும். மூழ்கறதுக்காக இடுப்புல கட்டற ஈய வெயிட்டைச் சரியாப் போட்டவர் அங்கே சும்மா நிப்பார். முட்டி லேசா மடங்கி, கை முன்னாடி கோத்து, மூச்சை இழுக்கறப்போ ஒரு சாண் மேல, விடறப்போ ஒரு சாண் கீழ. பிசிடி (காத்து அடைச்சு மிதப்பைச் சரிசெய்யற ஜாக்கெட்) பட்டன் பக்கம் விரலே போகாது. வெயிட் அதிகமாப் போட்டவர் ஜாக்கெட்டுல காத்தை அடைச்சுக்கிட்டு, இடுப்புக்குக் கீழ தொங்க, உதைச்சு உதைச்சு அந்த ஆழத்தைப் பிடிச்சு வெச்சிருப்பார். முதல் டைவ்லயே வேர்த்துப்போன மாதிரி மேல வருவார்.

இதை அழகுக்காகச் சொல்லல. சைக்கிள் கத்துக்கற முதல் வாரம் ஹேண்டில்பாரைத் தவிர ரோட்டுல எதுவும் கண்ணுல படாது. அதே கதைதான் இங்கயும். மிதப்புக்கே மனசு முழுக்கச் செலவானா, கேஜைப் பார்க்கவும் கூட இறங்கின ஜோடியைப் பார்க்கவும் நீவாடு (நீரோட்டம்) மாறுதான்னு கவனிக்கவும் மனசு எங்க மிச்சம் இருக்கும்? என்னைக் கேட்டா, கவனம் மிச்சம் வெச்சிருக்கறவர்தான் நல்ல டைவர். மத்த எல்லாத் திறமையும் அந்த மிச்சத்தைச் சேர்க்கறதுக்காகத்தான்.

எங்க கடல்ல தண்ணி கலங்கி நிக்கற நாள் நிறைய. அடியில ஒரு உதை தப்பாப் போட்டா மணல் எழும்பி, பின்னாடி வர்றவருக்கு ஒண்ணுமே தெரியாது. தவளை மாதிரி காலைப் பக்கவாட்டுல விரிச்சு உதைக்கற தவளை உதை பழகுங்க. கலங்கல் குறையும், காத்தும் மிச்சமாகும்.

வைகை_டைவ்

காத்து மிச்சம் பண்ண சுலபமான வழி: இழுத்து, அஞ்சு ஆறு எண்ற வரைக்கும் பிடிச்சு வெச்சு, அப்புறம் விடுங்க. எனக்கு நல்லா வேலை செய்யுது.

காதுமூக்கு_டாக்டர்

வைகை, வருத்தப்படாதீங்க, இது ஆபத்தான யோசனை. புதுசா வர்றவங்க படிக்கற இடம், அதனால விவரமாச் சொல்றேன்.

10 மீட்டர் ஆழத்துல அழுத்தம் மேல இருக்கறதை விட இரண்டு மடங்கு. அங்க நுரையீரல் நிறைய காத்தை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு மேல வந்தா, அந்தக் காத்து இரண்டு மடங்கா விரியும். நுரையீரல் விரியறதுக்கு அளவு உண்டு. நிறைஞ்ச நுரையீரலோட ஓரிரு மீட்டர் ஏறினாலே திசு கிழிஞ்சு காத்துக்குமிழ் ரத்தத்துல கலக்கலாம், அது மூளைக்குப் போகலாம். மூச்சைப் பிடிச்சிருக்கற நேரம் பார்த்து ஒரு அலை தூக்கினாப் போதும். இது தவிர கார்பன் டை ஆக்சைடு உடம்புல சேரும். தலைவலி வரும், மூச்சு வாங்கும், கடைசியில முன்னைவிட அதிகமாத்தான் காத்து போகும். மூச்சை நிறுத்தவே கூடாது. மெதுவா இழுத்து, அதைவிட மெதுவா, முழுசா விடுங்க.

காத்து சம்பந்தமா ஒரு கணக்கு சொல்றேன். டைவர்கள் பாதுகாப்புக்கான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் அமைப்போட ஆய்வாளர்கள் 2008-ல 947 டைவிங் மரணங்களை அலசி ஒரு கட்டுரை எழுதினாங்க. சங்கடத்தைத் தொடங்கி வெச்சது எதுன்னு தெரிஞ்ச சம்பவங்கள்ல 41 சதவீதம், காத்து போதாமப் போனது. கருவிக் கோளாறு 15 சதவீதம்தான். வாயில வெச்சு மூச்சு விடற ரெகுலேட்டர் நடுவுல நின்னுடுமோன்னு எல்லாரும் பயப்படறாங்க. கேஜைப் பார்க்காம விட்டதுல போன உயிர் அதைவிட ரொம்ப அதிகம். அதே ஆய்வுல, உயிரைப் பறிச்ச பாதிப்புகள்ல கால்வாசிக்கும் மேல இதயம்.

அதனால நல்ல டைவருக்கு நான் வைக்கற முதல் தகுதி, உடம்பைப் பத்தி உண்மை பேசறது. மெடிக்கல் பாரத்துல எல்லாத்துக்கும் "இல்லை"னு டிக் அடிச்சிட்டு, பையில பிரஷர் மாத்திரையோட வர்றவங்களைப் பார்த்திருக்கேன். சளியோட வர்றவங்க இன்னும் அதிகம். மூக்கடைப்பு மாத்திரை போட்டுக்கிட்டு இறங்கிடுவாங்க. கீழ இருக்கும்போது மருந்தோட வேலை தீர்ந்து அடைப்பு திரும்பினா, மேல ஏறும்போது நடுக்காதுல விரியற காத்துக்கு வெளிய வர வழி இருக்காது. இறங்கும்போது காது அடைச்சா நின்னுக்கலாம். ஏறும்போது அடைச்சா, காத்து தீர்றதுக்குள்ள எப்படியும் ஏறித்தானே ஆகணும்?

இறங்கும்போது வலி வந்தப்புறம் மூக்கைப் பிடிச்சு ஊதாதீங்க. தலை தண்ணிக்குள்ள போன நிமிஷத்துல இருந்தே ஊதிக்கிட்டே வாங்க. திறக்கலேன்னா ஒரு மீட்டர் மேல ஏறி மறுபடி பாருங்க. அப்பவும் திறக்கலேன்னா அன்னிக்கு டைவ் கிடையாது.

வைகை_டைவ்

நன்றி டாக்டர். அடுத்த தடவையிலேர்ந்து அப்படிச் செய்யல.

பாசிக்குடா (மட்டக்களப்பு)

நான் சுழியோடி, ஆக்களைக் கூட்டிக்கொண்டு இறங்கிறதுதான் தொழில். மேல சொன்ன மிதப்பு, மூச்சு எல்லாம் சரி. நான் வேற பக்கத்தில இருந்து சொல்லுறன்.

எங்கட கரையில இருந்து சில கடல்மைல் தள்ளி எச்எம்எஸ் ஹெர்மிஸ் கிடக்குது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டு மூழ்கடிச்ச பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல். கடலடி 50 மீட்டருக்கும் கூட ஆழம். பொழுதுபோக்குச் சுழியோடிகளுக்கு எல்லை 40. ஆனா வாற ஆக்கள் எல்லாரும் முதல்ல கேட்கிறது ஹெர்மிஸைத்தான். எத்தினை டைவ் செய்திருக்கிறியள், கடைசியா எப்ப இறங்கினியள் எண்டு நான் திருப்பிக் கேட்பன். அதுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்லுற ஆளோட நான் எங்கயும் இறங்குவன். "அதெல்லாம் பிரச்சினை இல்லை" எண்டு சொல்லுற ஆளை 12 மீட்டர் ஆழத்தில இருக்கிற பாருக்குத்தான் (கடலடிப் பாறை) கூட்டிக்கொண்டு போவன்.

நான் பார்த்ததில நல்ல சுழியோடி ஒருத்தியைச் சொல்லுறன். வேறொரு சிதைவுக்கு நங்கூரக் கயிறு பிடிச்சு இறங்கிக்கொண்டு இருந்தம், நாலு பேர். 28 மீட்டர். அவ கேஜைப் பார்த்தா. கொஞ்சம் பொறுத்து மறுபடி பார்த்தா. மூன்றாம் தரமும் கேஜைத் தூக்கிப் பார்த்திட்டு, எல்லாருக்கும் தெரியிற மாதிரி கட்டை விரலை மேல காட்டினா. ஏறுவம். கீழ கப்பலின்ர முன்பக்கம் தெரியத் தொடங்கியிட்டுது, இன்னும் சில மீட்டர்தான். ஒருத்தரும் கை விரிக்கேல்ல. அப்பிடியே திரும்பி ஏறினம். படகில வந்து, "இரண்டு தரம் பார்த்தும் எண் மனசில நிக்கேல்ல" எண்டு சொன்னா. நைட்ரஜன் மயக்கம். 30 மீட்டர் கிட்ட வரேக்க எவருக்கும் வரலாம், நேற்று வராதவருக்கு இண்டைக்கு வரலாம். வந்தவருக்கு அது பெரும்பாலும் விளங்கிறதே இல்லை, சுகமாத்தான் இருக்கும். தன்ர மூளை மந்தமாகுது எண்டதை அந்த ஆழத்தில பிடிச்சாவே, அதுதான் திறமை.

எவரும், எந்த நேரமும், காரணம் சொல்லாமல் டைவை முடிக்கலாம். இந்த விதியை வாயால எல்லாரும் சொல்லுவாங்கள். கட்டை விரல் மேல போனதும் "ஏன்?" எண்டு கை விரிக்காத மற்ற மூண்டு பேரும் நல்ல சுழியோடிகள்தான்.

முத்துநகர்_பார்

எங்க பெரியப்பா தூத்துக்குடியில சங்கு குளிக்கப் போனவரு. கார்டு, கோர்ஸ் எதுவும் கிடையாது. கடலைப் படிக்கிறதுல அவரை மாதிரி ஆளை நான் பார்த்ததில்ல, அதனால எழுதுறேன்.

வள்ளம் பாருக்கு மேல வந்து நங்கூரம் போட்டதும் உடனே குதிக்க மாட்டாரு. அணியத்துல (வள்ளத்தோட முன்பக்கம்) உக்காந்து கயிறு எந்தப் பக்கம் சாயுது, எவ்வளவு விறைக்குதுன்னு பார்ப்பாரு. மிதந்து போற பாசியைப் பார்ப்பாரு. மேல்தண்ணி ஒரு பக்கம் போகும், அடித்தண்ணி வேற பக்கம் போகும்பாரு. கயிறைக் கையில பிடிச்சு அது அதிர்றதை வச்சே அடியில நீவாடு எப்படின்னு சொல்லிருவாரு. "தண்ணி சரியில்ல"ன்னா அவ்வளவுதான், டீசல் காசு போனாலும் வள்ளம் திரும்பும். ஒருத்தரும் எதிர்த்துப் பேச மாட்டாங்க.

ஆனா இன்னொண்ணையும் சொல்லணும். மூச்சடக்கிக் குளிச்ச காலம் போய் மேல வள்ளத்துல இருந்து ஓஸ் வழியா காத்து அனுப்புற கம்ப்ரஸர் வந்தப்புறம் கீழ மணிக்கணக்கா இருந்தாங்க. சாயங்காலம் தோள்பட்டை, முட்டியெல்லாம் வலிக்கும். குளிர்னு நினைச்சுத் தைலம் தேய்ச்சாங்க. ரத்தத்துல நைட்ரஜன் சேருது, மெதுவா ஏறணும், ஆழத்துக்கு இவ்வளவு நேரம்தான்னு அவங்களுக்கு யாரும் சொல்லித் தரல. ஹால்டேன்ங்கற பிரிட்டிஷ் விஞ்ஞானி ஆட்டை வச்சுச் சோதிச்சு அட்டவணை போட்டது 1908-ல. எங்க ஊர் வள்ளத்துக்கு அது வந்து சேரவே இல்ல. பெரியப்பாவுக்கு இப்ப இடுப்பு வளைய மாட்டேங்குது. தைரியமும் கடல் அறிவும் அவருக்கு மலையளவு இருந்துச்சு. குணத்தை மட்டும் வச்சு நல்ல டைவர்னு சொல்றவங்க இதை யோசிக்கணும். படிப்பும் வேணும்.

காதுமூக்கு_டாக்டர்

முத்துநகர், பெரியப்பாவைக் கண்டிப்பா ஒரு எலும்பு டாக்டர்கிட்ட காட்டி இடுப்பை எம்ஆர்ஐ எடுத்துப் பாருங்க. நீண்ட காலம் அழுத்தக் காத்துல வேலை செஞ்சவங்களுக்குத் தொடை எலும்பு மூட்டுல ரத்த ஓட்டம் நின்னு எலும்பு சிதையறது உண்டு. டைவிங் பின்னணியை டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க.

பினாங்கு_படகு

"அமைதியான குணம் உள்ளவங்கதான் டைவிங்குக்கு லாயக்கு"ன்னு எங்க ஊர்லயும் சொல்வாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. பதற்றமே வராத மனுஷன்னு ஒரு சாதி கிடையாது. அமெரிக்காவுல வில்லியம் மார்கன் 1990-கள்ல டைவர்களைக் கேட்டுப் பார்த்தப்போ, பாதிக்கு மேலானவங்க தண்ணிக்குள்ள ஒரு தடவையாவது பீதி அடைஞ்சிருக்கோம்னு சொன்னாங்க. அதுல அனுபவம் உள்ளவங்களும் உண்டு. அப்படின்னா பீதி கிளம்பற அந்த சில விநாடியில கை என்ன பண்ணுதுங்கறதுதான் விஷயம். கை பழகினதைத்தான் பண்ணும்.

மலேசியாவோட பெர்ஹெந்தியான் தீவுல ஒரு மாணவரோட மாஸ்க்கைப் பக்கத்துல போனவர் காலுல மாட்டியிருந்த ஃபின் தட்டிவிட்டுடுச்சு. கண்ணுல, மூக்குல உப்புத்தண்ணி. முதல் மூச்சு வாயாலயா மூக்காலயாங்கற அந்தத் தடுமாற்றம் முகத்துல அப்படியே தெரிஞ்சுது. தோள் காதுவரைக்கும் ஏறிடுச்சு, கால் உதைக்க ஆரம்பிச்சுது. அப்புறம் குமிழ் வந்தது, ஒரே சீரா, ரெகுலேட்டர் வழியா. ஒரு கை என் தோளைப் பிடிச்சுது, இன்னொரு கை மாஸ்க்கோட மேல் விளிம்பை நெத்தியோட அழுத்துச்சு. மூக்கால ஊதினார், தண்ணி கீழ்ப்பக்கமா இறங்குச்சு. கண் சிவந்திருந்தது, ஆனா கை ஓகே காட்டிட்டு முன்னாடி போகச் சொல்லுச்சு. நிலத்துல அவர் லிஃப்ட்டுக்குள்ள போகவே தயங்கற ஆள். நீச்சல் குளத்துல மாஸ்க் இல்லாம மூச்சு விடற பயிற்சியை மத்தவங்க சலிச்சுப்போய் கரையேறின பிறகும் செஞ்சுக்கிட்டு இருந்தவர்.

கோர்ஸ் முடிஞ்சதும் அந்தப் பயிற்சியை யாரும் தொடறதில்ல. அடுத்த டைவ்லயே, 5 மீட்டர்ல நிக்கற நேரத்துல, உங்க ஜோடிகிட்ட முன்னாடியே சொல்லி வெச்சிட்டு ஆக்டோபஸை (அவசரத்துக்குன்னு வெச்சிருக்கற இரண்டாவது ரெகுலேட்டர்) வாங்கி மூச்சு விட்டுப் பாருங்க.

பக்கத்து_மேசை

நான் டைவர் இல்லை, வாசிப்பவன் மட்டுமே. 2018-இல் தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் 12 சிறுவர்களும் பயிற்சியாளரும் சிக்கியபோது, ஜூலை 2 அன்று அவர்களைக் கண்டுபிடித்த இருவரில் ரிக் ஸ்டாண்டன் ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர், ஜான் வொலாந்தன் கணினித் துறையைச் சேர்ந்தவர். குகை டைவிங் இருவருக்கும் பொழுதுபோக்கு. கடற்படை வீரர்கள் அத்தனை பேர் நின்ற இடத்தில் இவர்களை அழைக்க வேண்டியிருந்ததே? உடல் வலிமை கடைசியில்தான் வருகிறது என்று கொள்ளலாமா?

பினாங்கு_படகு

பக்கத்து மேசை, அந்த உதாரணத்தை அப்படி எடுத்துக்காதீங்க. அவங்க பல வருஷமா இருட்டுலயும் குறுகல்லயும் குளிர்லயும் அதே வேலையைப் பழகினவங்க. கடற்படை ஆட்களுக்குத் திறந்த கடல் பயிற்சி, இது தலைக்கு மேல பாறை. காத்துல மூணுல ஒரு பங்கு போக, ஒரு பங்கு திரும்ப, ஒரு பங்கு கையிருப்புங்கறது குகை டைவிங்ல அரிச்சுவடி. திறந்த கடல்ல எவ்வளவு கெட்டிக்காரரா இருந்தாலும் குகைக்குப் புதுசுன்னா புதுசுதான். உடம்பும் கணக்குல வரும். நீவாடு மாறினா ஜோடியை இழுத்துக்கிட்டு வர்ற தெம்பு வேணும்.

கோவை_அலை

ஒவ்வொண்ணும் இரண்டு தடவை படிச்சேன். பாசிக்குடா சொன்ன அந்தக் கட்டை விரல் விஷயத்துல ஒரு சந்தேகம். ஒரு டைவ்க்கு ஆயிரக்கணக்குல காசு கட்டி, நாலு பேர் லீவு போட்டு வந்திருக்கும்போது, சும்மா மனசு சரியில்லேன்னு மேல வர்றது கூச்சமா இருக்காதா? எனக்குக் கை வருமான்னு தெரியல.

பாசிக்குடா (மட்டக்களப்பு)

கூச்சம் வரும் தங்கச்சி. அதனாலதான் படகிலயே கதைக்க வேணும். தண்ணிக்குள்ள இறங்க முதலே ஜோடியிட்ட, "எனக்கு சரிவரேல்ல எண்டால் காட்டுவன், நீங்களும் காட்டுங்கோ, மேல வந்து காரணம் கேட்க மாட்டம்" எண்டு சொல்லுங்கோ. அதுக்கு முகம் கறுக்கிற ஆளோட இறங்காதேயுங்கோ. வழிகாட்டி கேலி செய்தால் கடையை மாத்துங்கோ.

புதுவை_ஃபின் (இன்ஸ்ட்ரக்டர், புதுச்சேரி)

கோவை_அலை, காத்து கேட்டீங்களே. "நான் அதிகமா இழுக்கறேன்"னு பொத்தாம்பொதுவாச் சொல்லாம கணக்குப் போட்டுப் பாருங்க. 11 லிட்டர் சிலிண்டர்ல 120 பார் (காத்தழுத்த அளவு) செலவாச்சுன்னா சுமார் 1,320 லிட்டர். டைவ் 30 நிமிஷம்னா நிமிஷத்துக்கு 44. சராசரி ஆழம் 15 மீட்டர்னா அங்க அழுத்தம் 2.5 பார், வகுத்தா மேல்மட்டக் கணக்குல நிமிஷத்துக்கு சுமார் 18 லிட்டர். புதுசா வந்தவங்களுக்கு இது நல்ல எண். உயரமானவங்களுக்கு இயல்பாவே கூட ஆகும், அதுல வெட்கப்பட ஒண்ணும் இல்ல. அடுத்தவர் எண்ணோட போட்டி போடாதீங்க. நோட்டுல எழுதி வெச்சு, உங்க எண் மாறுதான்னு மட்டும் பாருங்க.

இந்த எண் எதுக்குன்னா, அட்வான்ஸ்டு போறவங்க நிறைய பேருக்குத் தெரியாத ஒரு கணக்குக்கு. "50 பார்ல மேல வந்துடணும்"னு மட்டும் மனப்பாடம் பண்ணி வெச்சிருப்பாங்க. 30 மீட்டர்ல ஜோடிக்குக் காத்து தீர்ந்து உங்க ஆக்டோபஸைப் பிடிக்கறார்னு வைங்க. பதற்றத்துல ஆளுக்கு நிமிஷத்துக்கு 30 லிட்டர், இரண்டு பேருக்கு 60. கீழ ஒரு நிமிஷம் நிதானிக்க 240 லிட்டர். நிமிஷத்துக்கு 9 மீட்டர் வேகத்துல 5 மீட்டர் வரைக்கும் ஏற சுமார் 460. சேஃப்டி ஸ்டாப் 270. கடைசி ஏற்றத்தையும் சேர்த்தா சுமார் 1,000 லிட்டர். அதே சிலிண்டர்ல 90 பார். கேஜ்ல 50 காட்டும்போது 30 மீட்டர்ல நிக்கறவர்கிட்ட தன் ஜோடியைக் காப்பாத்தற காத்து இல்ல. நல்ல டைவர் இந்தக் கணக்கைப் படகுலயே போட்டு முடிச்சிருப்பார்.

முத்துநகர்_பார்

இதை எங்க பசங்களுக்கு அனுப்புறேன். கேமராவோட வர்றவங்களுக்கும் ஒரு வார்த்தை: படம் எடுக்கணும்னு பவளத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்காதீங்க. கை வச்ச இடம் அப்புறம் வெளுத்துப்போகும். மிதக்கத் தெரிஞ்சப்புறம் கேமரா வாங்கலாம்.

கோவை_அலை

அப்போ அட்வான்ஸ்டை ஒரு வருஷம் தள்ளிப் போட்டுட்டு 12, 15 மீட்டர்லயே பழகலாம்னு தோணுது. அண்ணனுக்கும் இந்த இழையை அனுப்பிட்டேன்.

புதுவை_ஃபின் (இன்ஸ்ட்ரக்டர், புதுச்சேரி)

தள்ளிப் போடணும்னு இல்ல. அட்வான்ஸ்டுல ஆழமும் திசையறிதலும் கட்டாயம், மீதி மூணு டைவ் நீங்க தேர்ந்தெடுக்கறது. அதுல மிதப்புக் கட்டுப்பாட்டு டைவை எடுத்துக்கிட்டு, அதை முதல்லயும் ஆழத்தைக் கடைசியிலயும் வைக்கச் சொல்லி இன்ஸ்ட்ரக்டரைக் கேளுங்க. முடியாதுன்னு சொன்னா வேற இடம் பாருங்க. முதல் டைவ் முடிஞ்சதும் சிலிண்டர்ல 50 பார் இருக்கும்போதே 5 மீட்டர்ல ஜாக்கெட் காத்தை முழுசா விட்டுட்டு நின்னு பாருங்க. மூழ்கினா ஒரு கிலோ கழட்டுங்க. மேல இழுத்தா ஒரு கிலோ சேருங்க. எந்த உடைக்கு, எந்த சிலிண்டருக்கு எத்தனை கிலோன்னு அன்னிக்கே எழுதி வெச்சிடுங்க.